வெளிநாடு கிளம்பும் முன் பிளக் அடாப்டர் வாங்குவது எப்படி? செட்டிநாட்டுப் பக்கத்துப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் எப்போதும் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார். சிங்கப்பூரில் மகள், துபாயில் மருமகன், நியூஜெர்சியில் பேரன், தைப்பூசத்துக்குப் பினாங்கு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். விசா, டிக்கெட், தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை என்று வாரக்கணக்கில் ஏற்பாடு நடக்கும். பிளக் அடாப்டர் மட்டும் கடைசி நாள் சாயங்காலம், "அண்ணே, ஒரு யுனிவர்சல் அடாப்டர் குடுங்க" என்று கேட்டு வாங்கப்படும். போய் இறங்கிய இரவே தொல்லை தொடங்குவது இதனால்தான்.

அப்பச்சியைக் கோலாலம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பியபோது இந்த ஒரு சாமானுக்காகக் காரைக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். தூங்கும்போது மூச்சு அடைக்காமல் இருக்க அவர் சிபாப் கருவி வைத்துக்கொள்பவர். ராத்திரி முழுக்க அது ஓடியாக வேண்டும் என்பதால் குத்துமதிப்பாக வாங்க மனம் ஒப்பவில்லை. அப்போது கேட்டும் படித்தும் சோதித்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அட்டையில் 150 நாடுகளுக்கு ஏற்றது என்று போட்டிருந்தாலும், உங்கள் சாமான் அந்த நாட்டு மின்சாரத்தைத் தாங்குமா என்பதற்கு அந்த அட்டை பொறுப்பில்லை. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

1. சார்ஜரின் முதுகைப் படியுங்கள்

கொண்டுபோகும் ஒவ்வொரு மின்சாமானையும் மேசையில் எடுத்து வையுங்கள். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், ஷேவர், காது மெஷின் சார்ஜர், பிரஷர் பார்க்கும் மெஷின், நெபுலைசர், மிக்ஸி எதையும் விட வேண்டாம். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

அங்கே 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சாமானை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் வெறும் அடாப்டரோடு பயன்படுத்தலாம். செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான். அப்பச்சியின் சிபாப் கருவியிலும் இதே வரி இருந்தது. பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

வெறும் 230 வோல்ட், அல்லது 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவனம் வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், சவுதி தவிர்த்த வளைகுடா நாடுகள், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவுக்குப் பிரச்சினை இல்லை. அமெரிக்கா, கனடா, ஜப்பானுக்கு ஆகாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் நெபுலைசர்களில் பல இந்த வகையாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வரியைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள்.

எடுத்த படங்களை அழிக்க வேண்டாம். கடையில் காட்டவும், அங்கே போய் ஏதாவது பழுதானால் மாற்று வாங்கவும் உதவும்.

2. உங்கள் கார்டின் முனை எது என்று பாருங்கள்

போகிற நாட்டின் பாயின்ட்டை எல்லோரும் விசாரிக்கிறார்கள். தன் கையில் இருக்கும் பிளக் அந்த அடாப்டரின் வாயில் நுழையுமா என்பதை விசாரிக்க மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் மூன்று வகை இருக்கிறது.

செல்போன் சார்ஜரில் வருவது உருண்டையான இரண்டு பின். இது எல்லா அடாப்டரிலும் நுழையும். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் பல சார்ஜர்களை அடாப்டர் இல்லாமலே சுவரில் சொருகலாம்.

லேப்டாப், சிபாப், ஐயன் பாக்ஸ் ஆகியவற்றில் வருவது சின்ன த்ரீ பின், 6 ஆம்பியர். உலகக் கணக்கில் இதற்கு டைப் டி என்று பெயர். தலையில் இருக்கும் எர்த் பின் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவது) மற்ற இரண்டையும்விடத் தடிமனாக இருக்கும். வினையே இந்தத் தடித்த பின்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை மனதில் வைத்துச் செய்த பல யுனிவர்சல் அடாப்டர்களின் வாயில் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய பிளக் எல்லாம் நுழையும், நம்முடையது நுழையாது. ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் இதைச் சரிபார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

மூன்றாவது பெரிய பவர் பிளக், 16 ஆம்பியர், டைப் எம். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, கீசரில் வருவது. டிராவல் அடாப்டரில் இது நுழையாது. நுழையாதிருப்பதே நல்லது. காரணம் ஆறாவது படியில் வருகிறது.

3. போகிற நாட்டின் பாயின்ட்

நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன் எல்லாமே டைப் ஜி. பட்டையான மூன்று பின் உள்ளது, கடையில் 'யூகே பின்' என்று கேட்டால் தெரியும். மின்சாரமும் நம்முடையது போலவே 230 வோல்ட்டை ஒட்டியது, 50 ஹெர்ட்ஸ். சவுதியிலும் இதே பின்தான். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ். மக்கா, மதினாவில் பழைய கட்டடங்களில் தட்டைப் பின் பாயின்ட்டும் தட்டுப்படலாம்.

இலங்கையில் புதிய கட்டடங்களுக்கு டைப் ஜி. பழைய வீடுகளில் நம் த்ரீ பின் அப்படியே நுழையும். மியான்மரில் வீட்டுக்கு வீடு வேறுபடும். நம் பின், யூகே பின், உருண்டை இரண்டு பின் எல்லாம் கலந்து இருக்கும். வியட்நாமில் 220 வோல்ட். சைகோன் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தட்டை இரண்டு பின், உருண்டை இரண்டு பின் இரண்டும் நுழையும் பாயின்ட்தான் அதிகம் கிடைக்கும்.

அமெரிக்கா, கனடாவில் தட்டைப் பின், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் தட்டை இரண்டு பின், 100 வோல்ட். அங்கே பெரும்பாலான சுவர்களில் எர்த் துளை இருக்காது என்பதால் அமெரிக்காவுக்கென்று வாங்கிய மூன்று பின் அடாப்டர் நுழையாமல் நிற்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாய்வான தட்டைப் பின், டைப் ஐ.

ஐரோப்பாவில் பல நாடுகளைச் சுற்றுகிறவர்கள் சுவிட்சர்லாந்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பாயின்ட் அறுகோணமாக உள்ளே குழிந்திருக்கும். ஒல்லியான இரண்டு பின் நுழையும், ஜெர்மனிக்கென்று வாங்கிய உருண்டைத் தடி அடாப்டர் நுழையாது. ஜெர்மனி, பிரான்ஸ் பாயின்ட்களும் குழிந்தவைதான். சதுரக் கட்டியாக இருக்கும் சில யுனிவர்சல் அடாப்டர்கள் அந்தக் குழியின் விளிம்பில் முட்டி, பின் முழுதாக இறங்காமல் தொங்கும். அப்படிப் பாதி இறங்கிய பின்னில் சூடு ஏறும்.

4. யுனிவர்சல் வேண்டுமா, ஒரு நாட்டு அடாப்டர் போதுமா?

ஒரே நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் யுனிவர்சல் வேண்டாம். நம் த்ரீ பின் நுழையும் வாயும் பின்னால் யூகே பின்னும் உள்ள சின்ன அடாப்டர் ஒன்றே போதும். விலை குறைவு, கனம் குறைவு, உள்ளே நகரும் பாகம் இல்லாததால் லூஸ் ஆகும் வாய்ப்பும் குறைவு. இழுத்துத் தள்ளும் பொத்தான் வைத்த யுனிவர்சல் வகையில், நாட்டுக்கு நாடு பின்னை வெளியே தள்ளும் பாகமே முதலில் பழுதாகும். சில மாதிரிகளில் சுவரில் அழுத்தும்போது பின் உள்ளே போய்விடும். வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் பொத்தான் உள்ளதைக் கொடுத்து அனுப்பவே வேண்டாம். அப்பச்சிக்கு நாங்கள் கடைசியில் வாங்கியது ஒரே கட்டியாக இருந்த யூகே அடாப்டர்தான். கூடவே மாற்றுக்கு இன்னொன்று.

சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு ஊர் என்று சுற்றுகிறவர்களுக்கும் வேலை நிமித்தமாக அடிக்கடி பறக்கிறவர்களுக்கும் யுனிவர்சல் வசதி. அவர்களும் எர்த் உள்ளதாகத் தேடி வாங்க வேண்டும். கையடக்கமான யுனிவர்சல் அடாப்டர்களில் பெரும்பான்மை எர்த் இணைப்பு இல்லாதவை. மூன்று துருவ இணைப்பு உள்ளவை விலை கூடுதல், உருவமும் பெரிது.

இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப் சார்ஜரைப் பாருங்கள். நடுவில் கறுப்புக் கட்டி, அதிலிருந்து சுவருக்குப் போகும் கார்டு தனியாகக் கழன்று வரும். மூன்று உருண்டை சேர்ந்த மாதிரி அல்லது எட்டு வடிவத்தில் அதன் முனை இருக்கும். இந்தக் கார்டு உலகம் முழுக்க ஒரே அளவு. படிக்கவோ வேலைக்கோ போய்ப் பல மாதம் தங்குகிறவர்கள் அந்த நாட்டுப் பின் வைத்த கார்டை அங்கேயே வாங்கி மாட்டிக்கொண்டால் அடாப்டரே தேவையில்லை. சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர் மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்கும். சிபாப் கருவிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். தங்கை இப்போது அப்பச்சிக்காக மலேசியக் கார்டு ஒன்றை அங்கேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

5. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

கல்லுக்கட்டி, செக்காலை ரோடு பக்கம் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப் கார்டையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். அட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

முதலில் எர்த் பின். யூகே பின்னில் நடுவில் நீளமாக நிற்பது எர்த். அது நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. யூகே பாயின்ட்டின் மற்ற இரண்டு துளைகளையும் உள்ளே ஒரு தடுப்பு மூடியிருக்கும். எர்த் பின் முதலில் நுழைந்து தள்ளினால்தான் தடுப்பு விலகும். விலை குறைந்த அடாப்டர்களில் இந்தப் பின்னைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடுகிறார்கள். தடுப்பு திறக்கும், சாமானும் ஓடும், எர்த் மட்டும் கிடைக்காது. சிலவற்றில் வெளியிலிருந்து அவசரமாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

நான் கேட்ட கடையில், "அண்ணே, இந்தப் பின்னு பிளாஸ்டிக்கா இருக்கே" என்றதற்கு, "எல்லாரும் இதத்தான் தம்பி வாங்கிட்டுப் போறாக, ஒண்ணும் ஆகாது" என்றார். செல்போன் சார்ஜருக்கு மட்டும் என்றால் அவர் சொன்னது சரிதான். இரண்டு பின் சார்ஜருக்கு எர்த் தேவையே இல்லை. ஆனால் மூன்று பின் கார்டு வைத்த எந்தச் சாமானுக்கும் எர்த் தொடர வேண்டும். உலோக உடம்பு உள்ள சில லேப்டாப்களில் எர்த் இல்லாமல் சார்ஜ் போட்டால் மணிக்கட்டில் சுருசுருவென்று லேசாக ஷாக் தெரியும். அதே நிலைமை ஐயன் பாக்ஸில் வந்தால் ஆபத்து.

பின் உலோகமாக இருந்தாலும் அது முன் வாயின் எர்த் துளையோடு உள்ளே இணைந்திருக்க வேண்டும். கடையில் மல்டிமீட்டர் இருக்கும். எர்த் பின்னில் ஒரு முனை, எர்த் துளைக்குள் ஒரு முனை வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து பிடிமானம். உங்கள் த்ரீ பின்னைச் சொருகி அடாப்டரை மட்டும் தலைகீழாகப் பிடியுங்கள். பிளக் கழன்று விழக் கூடாது, லொடலொடவென்று ஆடவும் கூடாது. எல்லா நாட்டுப் பின்னும் நுழையட்டும் என்று துளையை அகலமாக வெட்டியிருக்கும் வாய்களில் நம் பின் ஒரு பக்கத்தில் மட்டுமே பித்தளைத் தகட்டைத் தொடும். அந்த இடத்தில்தான் ஸ்பார்க் அடித்துப் பிளாஸ்டிக் கருகும்.

மூன்றாவது, ஃபியூஸ். நல்ல அடாப்டரில் ஃபியூஸ் இருக்கும், கூடவே உபரியாக ஒன்றையும் உள்ளே வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் ஃபியூஸ் போனால் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் எழுதியிருக்கும் தர எண்களில் பொருள் உள்ளவை சில. டிராவல் அடாப்டருக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 8546, உலகத் தரம் ஐஇசி 60884-2-5. சிங்கப்பூரில் வாங்குவதாக இருந்தால் 'சேஃப்டி மார்க்' முத்திரையும், மலேசியாவில் 'சிரிம்' முத்திரையும் பாருங்கள். சிஇ என்ற இரண்டு எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம்.

6. எவ்வளவு சுமை தாங்கும்?

அடாப்டரில் 6 ஆம்பியர், 8 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று ஏதாவது எழுதியிருக்கும். ஆம்பியரை அந்த நாட்டு வோல்ட்டால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 6 ஆம்பியர் அடாப்டர் மலேசியாவில் 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும். அதே அடாப்டர் அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 720 வாட்தான் தாங்கும். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கு எப்போதும் கூடுதல் வோல்ட்டுக்கானது. அமெரிக்கா போகிறவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் 65 வாட், செல்போன் 20 முதல் 30 வாட். இவற்றுக்கு எந்த அடாப்டரும் தாராளம். தலைமுடி உலர்த்தி, கெட்டில், ஐயன் பாக்ஸ் ஆகிய மூன்றும் அடாப்டரைக் கொல்லும். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். வெந்நீர் கெட்டில் வெளிநாட்டு ஓட்டல் அறைகளில் பெரும்பாலும் இருக்கும், மகள் வீட்டிலும் இருக்கும். பெட்டியில் அந்த இடத்தில் இன்னும் ஒரு கிலோ பலகாரம் வைக்கலாம்.

யூஎஸ்பி துளைகள் வைத்த அடாப்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க: 65 வாட் என்று போட்டிருப்பது ஒரே ஒரு டைப்-சி துளையை மட்டும் பயன்படுத்தும்போது கிடைப்பது. இன்னொரு செல்போனையும் சேர்த்து மாட்டினால் லேப்டாப்புக்குப் போகிறது குறைந்துவிடும். அந்த யூஎஸ்பி பகுதி பழுதானால் பல மாதிரிகளில் அடாப்டரையே மாற்ற வேண்டிவரும். அதனால் வெறும் அடாப்டரும் தனி சார்ஜரும் வாங்குவதே என் தேர்வு.

மூன்று நான்கு பேர் குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு அடாப்டர் வாங்க வேண்டாம். எர்த் உள்ள அடாப்டர் ஒன்று, நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. அதில் சார்ஜர்களை மட்டும் மாட்டுங்கள். 230 வோல்ட்டுக்கென்று செய்த ஸ்பைக் பஸ்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டாம். கப்பல் பயணத்துக்கும் வேண்டாம், பல சொகுசுக் கப்பல்களில் அதைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். அடாப்டருக்கு மேல் அடாப்டர் சொருகுவது எந்த நாட்டிலும் கூடாது.

7. மிக்ஸியும் கிரைண்டரும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம் ஊர் மிக்ஸி கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை எல்லா ஆச்சிமாருக்கும் உண்டு. அங்கே கிடைக்கும் பிளெண்டரில் தேங்காய்ச் சட்னி அரைபடும், ஊறவைத்த மிளகாயும் கசகசாவும் நைசாக அரைபடாது. ஆசை நியாயமானது. ஆனால் நம் 230 வோல்ட் மிக்ஸியை அடாப்டர் மட்டும் போட்டு அங்கே 120 வோல்ட்டில் மாட்டினால் சக்தி இல்லாமல் முனகும். மசாலாவைப் போட்டு விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும்.

இதற்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் குறைந்தது 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். இரும்புக் கட்டி மாதிரி பல கிலோ கனம். இங்கிருந்து சுமக்கக் கூடாது, தேவையானால் அங்கேயே வாங்க வேண்டும். வெந்நீர் சாமான்களுக்கென்று உள்ளங்கை அளவில் விற்கும் கன்வெர்ட்டர்களை மிக்ஸிக்கோ லேப்டாப்புக்கோ போடவே கூடாது.

நேரான வழி, 110 வோல்ட் மாடலாக வாங்குவது. ப்ரீத்தி மிக்ஸியிலும் அல்ட்ரா கிரைண்டரிலும் அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மாடல்கள் வருகின்றன. அங்குள்ள இந்தியக் கடைகளில் வாங்கினால் வாரண்டியும் அங்கேயே செல்லும். கிரைண்டர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் மோட்டார் ஹெர்ட்ஸைப் பொறுத்து ஓடுவது. 50 ஹெர்ட்ஸ் கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மரோடு 60 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மலேசியா, சிங்கப்பூர், வளைகுடாவுக்கு மிக்ஸி கொண்டுபோகிறவர்கள் அடாப்டர் போடாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து யூகே பிளக்கையே மாட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. மிக்ஸி வாரண்டியில் இருந்தால் கார்டை வெட்டும் முன் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

8. செலவு, நாள் கணக்கு, காகிதங்கள்

ஒரு நாட்டு அடாப்டர் ஏறக்குறைய ₹100 முதல் ₹300 வரை ஆகும். சாதாரண யுனிவர்சல் ₹500 முதல் ₹1,500. எர்த்தும் அதிக வாட் டைப்-சியும் உள்ளவை ₹2,500-க்கு மேல். விமான நிலையக் கடையில் விலை கூடும், பொறுக்கிப் பார்க்கவும் வகை இருக்காது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு பல பொருட்களுக்கு ஒரு வாரம்தான். வந்த அன்றே பிரித்துச் சோதியுங்கள். பல வகைத் துளை வைத்த நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் யூகே பின்னும் நுழையும். அதில் அடாப்டரை மாட்டி, லேப்டாப்பைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கருகல் வாடையோ இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவக் கருவி கொண்டுபோகிறவர்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில், கருவியின் பெயரும் எதற்காக என்பதும் இருக்க வேண்டும். சிபாப் கருவியை செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். கைப்பை எடைக் கணக்கில் அதைச் சேர்ப்பார்களா என்று விமான கம்பெனியிடம் டிக்கெட் எடுத்த கையோடு கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கவுன்டரில் காட்ட அதுதான் உதவும்.

அடாப்டரும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அது விதி. பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி வரும். விமானத்துக்குள் பவர் பேங்க்கில் சார்ஜ் போட இப்போது பல விமான கம்பெனிகள் தடை விதித்திருக்கின்றன. அதனால் திருச்சி விமான நிலையத்துக்குள் நுழையும்போதே செல்போனில் முழு சார்ஜ் இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டை, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை இரண்டையும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். நிரப்பியதைத் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9. போய் இறங்கிய பிறகு

முதலில் சாமானை அடாப்டரில் மாட்டுங்கள், பிறகு அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் பெரும்பாலான பாயின்ட்டுக்கு நம் ஊர் போல சுவிட்ச் கிடையாது, எப்போதும் கரண்ட் ஓடும். அங்கே இது மிகவும் முக்கியம்.

சிங்கப்பூர், மலேசியாவில் இரண்டு பின் சார்ஜரை நேரடியாகச் சொருக, மேல் துளையில் பேனாவையோ சாவியையோ விட்டுத் தடுப்பைத் திறக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நம் உறவினர்களே சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து காட்டவே கூடாது. மறுநாள் பிள்ளை அதே மாதிரி செய்து பார்க்கும்.

ராத்திரி முழுக்க ஓடும் கருவியை ஓட்டலில் மாட்டும்போது, அறைச் சாவி அட்டையை எடுத்தாலும் கரண்ட் இருக்கும் பாயின்ட் எது என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டில் பக்கத்துப் பாயின்ட் சில ஓட்டல்களில் விளக்கு சுவிட்சோடு சேர்ந்து அணைந்துவிடும். அப்பச்சிக்கு வழியில் ஒரு நாள் ஓட்டலில் இப்படித்தான் ஆனது. விளக்கை அணைத்ததும் கருவியும் நின்றுவிட்டது. நல்லவேளை, அவர் தூங்கியிருக்கவில்லை.

10. அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு

கும்பாபிஷேகத்துக்கும் கல்யாணத்துக்கும் வரும் உறவினர்களுக்கு இதை அனுப்புங்கள். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் யூகே பின் நுழையும் வாயும் பின்னால் நம் சின்ன த்ரீ பின்னும் உள்ள அடாப்டர் கொண்டுவர வேண்டும். அங்கே யுனிவர்சல் என்று விற்பதில் பல, ஐரோப்பிய இரண்டு பின்னைத்தான் இந்தியாவுக்கும் என்று காட்டும். அந்தப் பின் நம் பாயின்ட்டில் லூஸாகத் தொங்கும். காரைக்குடி, தேவகோட்டையில் சரியானது மலிவாகக் கிடைக்கும். வருகிறவர்கள் எண்ணிக்கை தெரிந்தால் நீங்களே முன்கூட்டி வாங்கி வைத்துவிடலாம்.

பழைய வீடுகளில் தங்க வைப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து, அறைகளில் உள்ள த்ரீ பின் பாயின்ட்டுகளுக்கு எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். துளை மூன்று இருந்தாலும் பழைய வயரிங்கில் எர்த் கம்பி இழுக்காமல் விட்டிருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் குக்கர், முடி உலர்த்தி, காபி மெஷின் போன்றவற்றை வாங்கிய கையோடு சொருக வேண்டாம். 120 வோல்ட் சூடேற்றும் சாமானை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சக்தி இழுத்து உடனே எரிந்துவிடும். அடியில் இன்புட் வரியைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், அந்தச் சாமானின் வாட்டுக்கு மேல் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை மாட்டாதீர்கள்.